மெட்ராஸில் தொடங்கி டப்ளின் பெயரில் கலைந்த படை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்து வரலாற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸை எப்படியாவது உள்ளே இழுத்துவிடுவது என் வழக்கம். கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிப்பதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்னா யாரு? சுருக்கமா சொல்லுங்க.

பிரிட்டிஷ் ராணுவத்தில் 1881 ஜூலை 1 முதல் 1922 ஜூலை 31 வரை இருந்த ஒரு காலாட்படை ரெஜிமென்ட். அயர்லாந்து முழுவதும் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. டப்ளின், கில்டேர், விக்லோ, கார்லோ ஆகிய கவுண்டிகளில் ஆள் எடுப்பார்கள். கில்டேரில் உள்ள நாஸ் என்ற ஊரில் தலைமை முகாம்.

பெயருக்கு 41 வருட வாழ்க்கைதான். அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு பழைய படைகளையும் சேர்த்தால் கணக்கு இருநூற்றைம்பது வருடத்தைத் தாண்டும். அந்த இரண்டும் அயர்லாந்தில் பிறந்தவை அல்ல. ஒன்று மெட்ராஸ், இன்னொன்று பம்பாய்.

ரெஜிமென்ட், பட்டாலியன், டிவிஷன் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. ரெஜிமென்ட் என்பது பெயரும் கொடியும் பரம்பரையும் கொண்ட குடும்பம். உண்மையில் களத்துக்குப் போவது பட்டாலியன், ஏறக்குறைய ஆயிரம் பேர். அதற்குள் இருக்கும் சிறு பிரிவுகளுக்கும் கம்பெனி என்றுதான் பெயர். ஒரே ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் இந்தியாவிலும் இரண்டாவது இங்கிலாந்திலும் இருப்பது சாதாரணம். டிவிஷன் என்பது பல ரெஜிமென்ட்டுகளின் பட்டாலியன்களைக் கூட்டிச் சேர்த்த பெரும்படை.

முதல் உலகப் போரில் இந்த ரெஜிமென்ட்டுக்கு மொத்தம் 11 பட்டாலியன்கள் இருந்தன. கீழே முதல், இரண்டாம், ஏழாம் என்று நான் எண் போட்டுச் சொல்வதெல்லாம் பட்டாலியன்களைத்தான். இதைக் கலந்துகொண்டால் 1915 ஏப்ரலில் துருக்கிக் கரையிலும் பெல்ஜியத்திலும் ஒரே ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்ற குழப்பம் வரும்.

ஐரிஷ் படைக்கும் மெட்ராஸுக்கும் என்ன சம்பந்தம்?

கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டையைக் காக்கத் தனித்தனிக் கம்பெனிகளாக ஐரோப்பியச் சிப்பாய்களை வைத்திருந்தது. 1748ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற அதிகாரி அவர்களை ஒரே படையாகத் திரட்டினார். அதுதான் மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட். நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் வரும் 1751 ஆற்காட்டு முற்றுகை, 1757 பிளாசி, 1760 வந்தவாசி, 1781ல் ஹைதர் அலியோடு நடந்த சோளிங்கர் போர், புதுச்சேரி முற்றுகைகள் என்று எல்லாவற்றிலும் இந்தப் படை இருக்கிறது. 1843ல் இதற்கு மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர் வந்தது.

பம்பாய்ப் படை அதைவிட மூத்தது. போர்த்துகல் இளவரசி கேத்தரினை மணந்தபோது இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்குச் சீதனமாகக் கிடைத்த தீவைக் காவல் காக்க, 1660களின் தொடக்கத்தில் அனுப்பிய சிப்பாய்களிலிருந்து அதன் கதை தொடங்குகிறது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கம்பெனியின் ஆட்சி முடிந்து படைகள் ராணியின் கைக்குப் போயின. 1862ல் இவை 102ஆம், 103ஆம் எண் படைகளாயின. 1881 சீர்திருத்தத்தில் பிரிட்டன் எல்லா ரெஜிமென்ட்டுகளையும் ஏதாவது ஓர் ஊரோடு கட்டிப் போட்டபோது, ஊரே இல்லாத இந்த இரண்டையும் சேர்த்து டப்ளினிடம் ஒப்படைத்தார்கள். அதனால்தான் டப்ளின்காரர்களின் போர் விருதுப் பட்டியலில், அதாவது படை பங்கெடுத்ததற்காகப் பெருமையாகச் சூடிக்கொள்ளும் போர்ப் பெயர்களில், ஆற்காடும் வந்தவாசியும் சோளிங்கரும் இருக்கின்றன. சோளிங்கர் என்றால் நமக்கு நரசிம்மர் மலை. டப்ளின் சிப்பாய்க்கு அது படையில் சேர்ந்ததும் மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு விருதுப் பெயர்.

அப்போ இன்னிக்கு இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் இதுதானா?

இது வேறு, அது வேறு. இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758ல் திரட்டப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் வழி வந்தது. நீலகிரியில் வெலிங்டனில் தலைமையிடத்தோடு இன்றும் இருக்கிறது. மேலே சொன்ன மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸில் ஐரோப்பியர்கள் மட்டுமே. இரண்டுக்கும் பிறந்த ஊர் ஒன்று, லாரன்ஸின் பெயர் இரண்டிலும் அடிபடும், பல போர்களில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். உறவு அவ்வளவுதான்.

மவுண்ட் ரோட்டில் சிலையா நின்ன நீல் துரை இந்தப் படைக்காரர்தானா?

ஆமாம். 1857ல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸைக் கப்பலேற்றி வங்காளத்துக்குக் கொண்டுபோனவர் ஜேம்ஸ் நீல். ஸ்காட்லாந்துக்காரர். காசியிலும் அலகாபாத்திலும் கிளர்ச்சியை அடக்குகிறேன் என்று அவர் நடத்திய தூக்குகளும் ஊர் எரிப்புகளும் அந்தக் காலத்து ஆங்கிலேயர்களிலேயே சிலரை முகம் சுளிக்க வைத்தன. கான்பூரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டின் ரத்தத்தைத் தூக்கில் போடப்போகும் கைதிகளைக் கொண்டு துடைக்க வைத்தார், மறுத்தவர்களைச் சாட்டையால் அடித்துச் செய்ய வைத்தார். இது எதிரிகள் கட்டிய கதை இல்லை, அவரே போட்ட உத்தரவு. 1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவுக்குள் நுழையும்போது சுடப்பட்டு இறந்தார். அவருடைய சிப்பாய்கள் தொப்பியில் மாட்டியிருந்த நீல உறையால் வந்த 'நீலத் தொப்பிகள்' என்ற பட்டப்பெயரை டப்ளின் முதல் பட்டாலியன் கடைசிவரை பெருமையாக வைத்துக்கொண்டது.

மெட்ராஸில் அவருக்கு வைத்த சிலையை அகற்றச் சொல்லி 1927ல் நடந்த போராட்டம் நமக்குத் தெரிந்ததே. திருநெல்வேலி சோமயாஜுலுவும் கடலூர் அஞ்சலை அம்மாளும் சிறை போனார்கள். அஞ்சலை அம்மாளோடு சிறு பெண்ணான அவருடைய மகளும் கலந்துகொண்டார். காந்திதான் அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்தார். 1937ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை தெருவை விட்டுப் போனது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டப்ளின் படையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் 1857ஐ ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலியில் செத்தவர்களுக்காக இரங்குவதற்கு அலகாபாத்தை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

படையில் எல்லாரும் ஐரிஷ்காரங்களா?

கம்பெனிக் காலத்திலேயே கணிசமானவர்கள் ஐரிஷ்காரர்கள்தான். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கம்பெனி தன் ஐரோப்பியச் சிப்பாய்களை அயர்லாந்தில் ஏராளமாகத் தேடிப் பிடித்தது. வந்தவாசியில் வென்ற தளபதி அயர் கூட் கூட லிமரிக் பக்கத்துக்காரர். 1881க்குப் பிறகு சிப்பாய்களில் பெரும்பாலோர் டப்ளின் நகரத்தின் கத்தோலிக்க ஏழைகள். அதிகாரிகளில் ஆங்கிலேயர்களும் அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் மேல்குடியினரும் அதிகம். முதல் உலகப் போர் வளர வளர, செத்தவர்களின் இடத்தை நிரப்ப இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்தப் போரில் ரெஜிமென்ட் வாங்கிய மூன்று விக்டோரியா கிராஸ்களில் (பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்) ஒன்று ராபர்ட் டவுனி என்ற சார்ஜென்ட்டுக்குக் கிடைத்தது. அவர் கிளாஸ்கோவில் பிறந்தவர்.

அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டுக்காரங்க தங்களை ஆண்ட நாட்டோட படையிலேயே ஏன் போய்ச் சேர்ந்தாங்க? மானம் ரோஷம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, 1914 முதல் 1918 வரை சுமார் 13 லட்சம் இந்தியர்களும் அந்தப் போருக்குப் போனார்கள் என்பதைத்தான். சோறு ஒரு காரணம். டப்ளினில் அப்போது ஒரே அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்த சேரிகள் ஐரோப்பாவிலேயே மோசமானவை என்று பேரெடுத்திருந்தன. 1913ல் முதலாளிகள் தொழிலாளர்களை மாதக்கணக்கில் வெளியே தள்ளிக் கதவடைத்தார்கள். வேலை போனவனுக்குப் படை சம்பளம் கொடுத்தது, அவன் மனைவிக்கு வாரம்தோறும் படி கொடுத்தது.

அரசியலும் உண்டு. 1914 செப்டம்பரில் அயர்லாந்துக்கு உள்நாட்டுச் சுயாட்சி கொடுக்கும் சட்டம் நிறைவேறியது, போர் முடியும்வரை நிறுத்தியும் வைக்கப்பட்டது. தேசியவாதிகளின் தலைவர் ஜான் ரெட்மண்ட் இரண்டே நாளில் விக்லோவில் உள்ள உட்டன்பிரிட்ஜில் பேசி, ஐரிஷ்காரர்கள் களத்துக்குப் போகவேண்டும் என்றார். இப்போது உதவினால் சுயாட்சி உறுதியாகும் என்பது அவர் கணக்கு. பெல்ஜியம் என்ற சிறிய கத்தோலிக்க நாட்டை ஜெர்மனி மிதித்தது பலரை உண்மையிலேயே கொதிக்க வைத்தது. சிலர் அப்பா போன படை என்பதால் போனார்கள். ரோஷம் இல்லாமல் போனவர்கள் என்று ஒரே சொல்லில் அடைக்க இது இடம் தராது.

போயர் போரில் சர்ச்சில் பிடிபட்டபோது கூட இருந்தது இவங்கதானா?

இவர்களும்தான். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களோடு பிரிட்டன் போரிட்டபோது, 1899 நவம்பர் 15 அன்று நேட்டாலில் வேவு பார்க்கப் போன கவச ரயிலில் டப்ளின்காரர்கள் ஒரு கம்பெனியும் டர்பன் தொண்டர் படை ஒரு கம்பெனியும் இருந்தன. பத்திரிகையாளராகப் போன சர்ச்சிலும் அதில் இருந்தார். போயர்கள் ரயிலைக் கவிழ்த்துப் பலரைச் சிறைபிடித்தார்கள்.

அந்தப் போரில் டலானா, கொலென்சோ, லேடிஸ்மித் மீட்பு என்று இவர்களுக்குப் பெரிய இழப்பு. எதிர்ப்பக்கத்தில் ஜான் மக்பிரைட் திரட்டிய ஐரிஷ் தொண்டர் படை போயர்களுக்காகச் சண்டை போட்டது. ஐரிஷ்காரனை ஐரிஷ்காரன் சுடுவது 1916ல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் வெடித்த ஈஸ்டர் கிளர்ச்சியில் தொடங்கியதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். மக்பிரைட்டை 1916ல் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது.

முதல் உலகப் போர் தொடங்கும்போது இவங்க எங்கே இருந்தாங்க?

முதல் பட்டாலியன் மெட்ராஸில்! பிறந்த ஊரிலேயே இருந்தார்கள். எம்டன் கப்பல் வந்து நகரத்தின் மீது குண்டு போட்ட வருடம் அது. 1914 கடைசியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, அடுத்த ஏப்ரலில் கலிப்போலியில் இறக்கப்பட்டார்கள். இரண்டாம் பட்டாலியன் இங்கிலாந்தில் இருந்ததால் ஆகஸ்ட் மாதமே பிரான்சுக்குப் போனது.

சண்டையே போடாம சரணடையக் கையெழுத்துப் போட்ட கர்னல் இந்தப் படைக்காரர்னு படிச்சேன். நிஜமா?

பாதி நிஜம். சண்டை போட்டார்கள். 1914 ஆகஸ்ட் 26 லெ கட்டோவில் அடிவாங்கிப் பின்வாங்கிய இரண்டாம் பட்டாலியனில் ஒரு பகுதி மறுநாள் சாங் காந்தாங் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. தூக்கமும் சோறும் இல்லாமல் சிப்பாய்கள் சாலையிலேயே விழுந்து கிடந்தார்கள். ஜெர்மானியர்கள் நகரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். இங்கே சண்டை நடந்தால் ஊர் அழியும் என்று மேயர் கெஞ்ச, டப்ளின் படையின் கர்னல் மெயின்வேரிங்கும் வார்விக்ஷயர் படையின் கர்னல் எல்கிங்டனும் சரணடைவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அங்கே வந்த குதிரைப்படை மேஜர் டாம் பிரிட்ஜஸ் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கினார். அப்புறம் ஒரு கடையில் பொம்மை மேளமும் ஊதலும் வாங்கி, சதுக்கத்தைச் சுற்றி வாசித்துக்கொண்டே போய், களைத்தவர்களைச் சிரிக்க வைத்து எழுப்பி நடத்திக்கொண்டு போய்விட்டார். கர்னல்கள் இரண்டு பேரும் பதவி பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். எல்கிங்டன் பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, காயம்பட்டு, பழைய பதவியைத் திரும்பப் பெற்றார். மெயின்வேரிங்குக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் மூன்று வருடம் முன்னால் இதே இரண்டாம் பட்டாலியனின் வரலாற்றைப் புத்தகமாக எழுதி வெளியிட்டவர்.

கலிப்போலியில் அப்படி என்னதான் நடந்தது?

1915 ஏப்ரல் 25, ஞாயிறு விடியற்காலை. செத்துல்பகிர் கிராமத்தை ஒட்டி, ராணுவம் 'வி கடற்கரை' என்று குறித்திருந்த சிறு வளைகுடா. முதல் பட்டாலியனில் பெரும்பாலோரைத் திறந்த துடுப்புப் படகுகளில் வரிசையாகக் கட்டி இழுத்து வந்தார்கள். மீதி ஒரு கம்பெனியும் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸும் ஹாம்ப்ஷயர் படையும் ரிவர் கிளைட் என்ற பழைய நிலக்கரிக் கப்பலில் வந்தார்கள். கப்பலைக் கரையில் முட்ட வைத்து, பக்கவாட்டில் வெட்டிய கதவு வழியாக இறங்கி ஓடவேண்டும் என்பது திட்டம்.

மேட்டில் குழிதோண்டி இருந்த துருக்கியர்கள் எண்ணிக்கையில் குறைவு. படகுகள் கரையைத் தொடும்வரை அவர்கள் சுடவில்லை. பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்லவே முடியாது. துடுப்புப் போட்டவர்கள் சாய்ந்ததும் படகுகள் அப்படியே மிதந்தன. குதித்தவர்களை முதுகுச்சுமை அழுத்தியது, தண்ணீருக்கடியில் இருந்த முள்கம்பி பிடித்தது. கடல் சிவந்திருந்ததை மேலே பறந்த விமானத்திலிருந்து பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. கர்னல் ரூத் செத்தார். கரைக்கு வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சிப்பாய்களோடு இறங்கிய கத்தோலிக்கப் பாதிரியார் வில்லியம் ஃபின், காயத்தோடு தவழ்ந்து தவழ்ந்து சாகிறவர்களுக்குப் பாவமன்னிப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கொல்லப்பட்டார்.

சில நாளில் டப்ளின், மன்ஸ்டர் இரண்டிலும் மிஞ்சியவர்களைச் சேர்த்தால்தான் ஒரு பட்டாலியன் தேறும் என்ற நிலை. மே 19 வரை அப்படிச் சேர்ந்தே இருந்தார்கள். சிப்பாய்கள் அதற்கு 'டப்ஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதே மாதம் 24ஆம் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் மவுஸ்ட்ராப் பண்ணையில் இரண்டாம் பட்டாலியன் மீது ஜெர்மானியர்கள் விஷவாயு விட்டார்கள். அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களில் மாலையில் நின்றவர்கள் இருபது பேர் சொச்சம். ஒரே மாத இடைவெளியில் பழைய ரெஜிமென்ட் முடிந்துபோனது என்றே சொல்லலாம்.

ரக்பி ஆடுறவங்க ஒரு கம்பெனியா சேர்ந்தாங்களாமே?

ஏழாம் பட்டாலியனின் 'டி' கம்பெனி. ஐரிஷ் ரக்பி சங்கத் தலைவர் ஃபிராங்க் பிரவுனிங் 1914ல் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் வக்கீல், டாக்டர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். அதிகாரியாகப் போகக்கூடியவர்கள் நண்பர்களை விட்டுப் பிரியாமல் இருக்கச் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார்கள். அதே பட்டாலியனில் டப்ளின் துறைமுகக் கூலிகளும் இருந்தார்கள். 1913 கதவடைப்பில் எதிரெதிர்ப் பக்கம் நின்றிருக்கக்கூடியவர்கள்.

1915 ஆகஸ்டில் கலிப்போலியின் சுவ்லா விரிகுடாவில் இறங்கி, பத்து நாளுக்குள் ஒரு மலைமுகட்டில் மாட்டிக்கொண்டார்கள். துருக்கியர்கள் மறுபக்கத்திலிருந்து கையெறி குண்டு வீச, இவர்களிடம் திருப்பி வீசக் குண்டு இல்லை. வந்த குண்டை எடுத்தே திருப்பி எறிந்தார்கள். அதுவும் முடியாதபோது கல்லை எறிந்தார்கள்.

பிரவுனிங்குக்கு வயது தாண்டிவிட்டதால் அவர் போருக்குப் போகவில்லை. டப்ளினில் முதியோர் காவல் படை ஒன்றில் இருந்தார். 1916 ஈஸ்டர் திங்கட்கிழமை பயிற்சி முடிந்து தோட்டா இல்லாத துப்பாக்கிகளோடு திரும்பி வந்தபோது நார்தம்பர்லேண்ட் சாலையில் கிளர்ச்சியாளர்கள் சுட்டார்கள். இரண்டு நாளில் இறந்தார்.

1916 ஈஸ்டர் கிளர்ச்சியை அடக்கினது இவங்கன்னு சொல்றாங்களே?

பங்கு உண்டு. 1916 ஏப்ரல் 24 அன்று டப்ளினில் கிளர்ச்சி வெடித்தபோது நகரத்திலும் வெளியூர்களிலும் இருந்த இந்த ரெஜிமென்ட்டின் நான்காம், ஐந்தாம், பத்தாம் பட்டாலியன் ஆட்கள் முதல் இரண்டு நாளுக்குள் தெருவில் இறக்கப்பட்டார்கள். பெரிய அளவில் அடக்கியது இங்கிலாந்திலிருந்து வந்த படைகளும் பீரங்கிகளும். பத்தாம் பட்டாலியன் லெப்டினன்ட் ஜெரால்ட் நீலன் முதல் நாளே ஆற்றங்கரைச் சாலையில் சுடப்பட்டு இறந்தார். அவருடைய சொந்தத் தம்பி கிளர்ச்சியாளர்கள் பக்கம் துப்பாக்கி ஏந்தி நின்றிருந்தார்.

அந்த வாரத்துச் செய்தி என்றால் எல்லாரும் கிளர்ச்சியாளர்களின் தலைமையிடமாக இருந்த டப்ளின் தபால் நிலையத்தைத்தான் சொல்வார்கள். அதே வாரம் ஏப்ரல் 27லும் 29லும் பிரான்சில் ஹுல்லுக் என்ற இடத்தில் பதினாறாம் ஐரிஷ் டிவிஷன் மீது விஷவாயு விடப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மிக மோசமாக அடிவாங்கியவர்களில் எட்டாம் டப்ளின் பட்டாலியனும் ஒன்று. டப்ளின் சேரி வீடுகளுக்கு அந்தத் தந்திகள் வந்து சேர்ந்த மே மாதத்தில்தான் கிளர்ச்சித் தலைவர்கள் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதலில் கிளர்ச்சியாளர்களைத் திட்டிய ஊர், அந்தத் தண்டனைகளுக்குப் பிறகு அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. களத்தில் இருந்தவர்களுக்குக் காலடி நிலம் நழுவியது அப்போதுதான்.

இந்தப் படையில் இருந்தவங்களே அப்புறம் விடுதலைப் பக்கம் போனாங்களா?

போனார்கள். ராபர்ட் பார்ட்டன் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் அதிகாரி. கிளர்ச்சிக்குப் பின் கைதிகளின் உடைமைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. பார்த்தது போதும் என்று விலகி, மறுபக்கம் சேர்ந்து, 1921ல் பிரிட்டனோடு போட்ட விடுதலை ஒப்பந்தத்தில் அயர்லாந்து சார்பில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவரானார்.

எம்மெட் டால்டன் கதை இன்னும் விசித்திரம். 1916 செப்டம்பர் 9 அன்று பிரான்சில் நடந்த சோம் போரில் ஜான்ஷி கிராமத்தைப் பிடித்தபோது ஒன்பதாம் பட்டாலியனில் இருந்தார், வயது 18, ராணுவ வீரச்சிலுவை வாங்கினார். ஐந்து வருடத்துக்குள் ஐரிஷ் குடியரசுப் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருந்தார். 1922 ஆகஸ்ட் 22 அன்று ஐரிஷ் விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் சுடப்பட்டபோது பக்கத்தில் இருந்தவர் இவர்தான்.

அதே ஜான்ஷியில் செத்தவர் டாம் கெட்டில். கவிஞர், பொருளாதாரப் பேராசிரியர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். 1914ல் ஐரிஷ் தொண்டர்களுக்குத் துப்பாக்கி வாங்க பெல்ஜியம் போன இடத்தில் ஜெர்மானியப் படையெடுப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர். அவருடைய சகலை பிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டன், ஆயுதமே தொடாத அகிம்சைவாதி. ஈஸ்டர் வாரத்தில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவரை விசாரணையின்றிச் சுட வைத்தார். அதே ராணுவத்தின் சீருடையில் கெட்டில் இருந்தார். சாவதற்குச் சில நாள் முன் தன் சின்னஞ்சிறு மகளுக்கு எழுதிய கவிதையில், கொடிக்காகவும் அரசருக்காகவும் தாங்கள் சாகவில்லை என்கிறார். உடல் கிடைக்கவில்லை.

இந்தியாவில் கலகம் செஞ்ச ஐரிஷ் படை இதுதானே?

இல்லை, அது கன்னாட் ரேஞ்சர்ஸ். 1920 ஜூன் 28ல் ஜலந்தரில் தொடங்கியது. அயர்லாந்தில் பிரிட்டிஷ் படைகள் செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு வேலை செய்ய மறுத்தார்கள். சோலனுக்கும் பரவியது. ஜேம்ஸ் டாலி என்பவர் நவம்பர் 2 அன்று டக்ஷாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜலந்தரில் கலகம் நடந்த முகாமுக்கு வெலிங்டன் பாரக்ஸ் என்று பெயர், அதனால் நீலகிரி வெலிங்டன் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டு ரெஜிமென்ட்டும் ஒரே நாளில் கலைக்கப்பட்டதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

அந்தக் கலகத்துக்குத் தண்டனையாத்தானே ஐரிஷ் படைகளைக் கலைச்சாங்க?

நல்ல ஊகம், ஆனால் தண்டனை என்றால் கலகத்தோடு தொடர்பே இல்லாத ரெஜிமென்ட்டுகளை ஏன் கலைக்கவேண்டும்? காரணம் 1921 டிசம்பர் 6 ஒப்பந்தம். தெற்கே 26 கவுண்டிகள் ஐரிஷ் சுதந்திர நாடாகப் பிரிந்தன. 1881 ஏற்பாட்டின்படி ரெஜிமென்ட் என்றால் அதற்கு ஆள் எடுக்க ஓர் ஊர் வேண்டும். ஊரே வேறு நாடாகிவிட்டது. போருக்குப் பிந்தைய சிக்கனத்தில் பிரிட்டன் படைகளைக் குறைத்துக்கொண்டும் இருந்தது.

ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட், கன்னாட் ரேஞ்சர்ஸ், லெய்ன்ஸ்டர் ரெஜிமென்ட், மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ், டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆகிய ஐந்து காலாட்படைகளும் போயின. 1922 ஜூன் 12 அன்று விண்ட்சர் கோட்டையில் கொடிகளை ஐந்தாம் ஜார்ஜ் அரசரிடமே ஒப்படைத்தார்கள். வடக்கில் ஆள் எடுத்த ரெஜிமென்ட்டுகள் தப்பித்தன. ஜூலை 31 அன்று டப்ளின் படை கலைந்தபோது டப்ளினில், ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே, உள்நாட்டுப் போர் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

இப்போ ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட்னு ஒண்ணு இருக்கே, அது இதோட வாரிசுதானா?

இன்றைய ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட் 1992ல் உருவானது, மேலே சொன்ன வடக்குப் படைகளின் வழி. 1922ல் கலைந்த ராயல் ஐரிஷ் ரெஜிமென்ட் வேறு. பெயர் மட்டும் ஒன்று. டப்ளின் ஃபியூசிலியர்ஸுக்கு எந்த நாட்டு ராணுவத்திலும் வாரிசு கிடையாது.

கலைச்ச பிறகு அந்தச் சிப்பாய்கள் என்ன ஆனாங்க?

பலர் புதிய நாட்டின் ராணுவத்திலேயே சேர்ந்து உள்நாட்டுப் போரில் சண்டை போட்டார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆள் அப்போது இரண்டு பக்கத்துக்கும் தேவைப்பட்டது. சிலருக்கு முன்னாள் படையினருக்கான அறக்கட்டளை கட்டிய வீடுகள் கிடைத்தன, டப்ளினில் கில்லெஸ்டர் பகுதி அப்படி வந்ததுதான். வேலை கிடைக்காமல் இங்கிலாந்து போனவர்கள் ஏராளம். 1920களில் போர் நிறுத்த நாளன்று டப்ளினில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள், போரில் செத்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்திய பாப்பிப் பூவைப் பிடுங்க இன்னொரு கூட்டம் காத்திருந்தது. பெரும்பாலோர் மெல்லப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். பதக்கம் மேசை இழுப்பறைக்குள் போனது.

டப்ளினில் இருக்கிற வளைவை ஏன் 'துரோகிகள் வாசல்'னு சொல்றாங்க?

செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவின் மூலையில் கிராஃப்டன் தெருவைப் பார்த்து நிற்கும் கல் வளைவு அது. 1907ல் திறந்தார்கள். முதல் உலகப் போர் நினைவுச்சின்னம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் போயர் போரில் செத்த டப்ளின் ஃபியூசிலியர்களின் பெயர்கள்தான் உள்ளே செதுக்கியிருக்கின்றன. சிறிய போயர் நாட்டை நசுக்கப் போனவர்களுக்கு வளைவா என்று அன்றைய தேசியவாதிகள் வைத்த பெயர் அது. 1916ல் பூங்காவில் நடந்த சண்டையின் தோட்டாத் தழும்புகள் கல்லில் இன்னும் தெரியும்.

முதல் உலகப் போரில் இந்த ரெஜிமென்ட் பறிகொடுத்தது 4,700க்கும் மேல். அவர்களுக்கும் மற்ற ஐரிஷ் வீரர்களுக்கும் சேர்த்து லிஃபி ஆற்றங்கரையில் ஐலண்ட்பிரிட்ஜ் நினைவுத் தோட்டம் இருக்கிறது. வடிவமைத்தவர் புது டெல்லியைக் கட்டிய லட்யன்ஸ். 1930களில் வேலை முடிந்தும் முறையான திறப்பு 1988ல்தான் நடந்தது. 2011 மே மாதம் ஐரிஷ் ஜனாதிபதி மேரி மக்அலீஸும் எலிசபெத் ராணியும் சேர்ந்து அங்கே மலர்வளையம் வைத்தார்கள். துரோகி என்ற சொல்லை இப்போது அங்கே உரக்கச் சொல்பவர்கள் குறைவு. 1857ல் வட இந்தியாவில் நடந்ததைப் பேசுபவர்கள் அதைவிடக் குறைவு.

பழைய சாமான் கடையில் யானையும் புலியும் போட்ட பேட்ஜ் ஒண்ணு பார்த்தேன். அசலா இருக்குமா அண்ணா?

கடையில் வைத்துச் சொல்ல முடியாது, போலிகள் நிறைய. எந்தப் படை என்று மட்டும் கண்டுபிடிக்கலாம். தீ எரியும் கையெறி குண்டின் உருண்டையில் யானை, புலி இரண்டும் இருந்தால் டப்ளின். பிளாசிக்கும் பக்ஸாருக்கும் புலி, கர்நாடகப் போர்களுக்கும் மைசூர்ப் போர்களுக்கும் யானை. புலி மட்டும் இருந்தால் வங்காளத்துக் கம்பெனிப் படையின் வழிவந்த மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ்.

ஒரு சிப்பாயைப் பத்தித் தேடணும்னா எங்கே ஆரம்பிக்கறது?

முதல் உலகப் போர்க்காலச் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகளில் பெரும்பகுதி 1940ல் லண்டன் மீது ஜெர்மனி குண்டு போட்டபோது எரிந்துபோனது. மிஞ்சியவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பதக்கப் பதிவு அட்டைகள் தப்பித்துவிட்டதால் பெயர் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். கம்பெனிக் காலத்து மெட்ராஸ் சிப்பாய் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் தேடவேண்டும். இந்த ரெஜிமென்ட்டுக்காக 1996ல் தொடங்கிய சங்கம் சேர்த்த கடிதங்களும் படங்களும் டப்ளின் நகர நூலகக் காப்பகத்தில் உள்ளன.

போவதற்கு முன் சிப்பாயின் படை எண்ணை எப்படியாவது கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். வெறும் பெயரோடு போனால் பைர்ன், மர்ஃபி, கெல்லி என்று பக்கம் பக்கமாக வரும், நீங்கள் தேடுகிறவர் எந்த மர்ஃபி என்று யாராலும் சொல்ல முடியாது.